இம்போர்ட் என்றொரு சபுராளி

எங்கள் தெருமுனை டீக்கடை பாய்க்குக் கூடைப்பந்து தெரியாது. எதிரே இருக்கும் மைதானத்தில் சாயங்காலம் ஆடிவிட்டு வியர்வையோடு வரும் பையன்களுக்கு டீயும் பட்டர் பிஸ்கட்டும் எடுத்துக் கொடுக்கத் தெரியும், அவ்வளவுதான். அவர்களில் ஒருவன் ஆறடி நாலங்குலம். கடையின் தகரச் சாய்ப்புக்குக் குனிந்துதான் உள்ளே வருவான். போன வாரம் அவன், "வெளிநாட்டுல போய் காசுக்கு ஆடறவங்க இருக்காங்க பாய், அந்த மாதிரி ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பாய்க்கு அது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்திருக்கிறது. கூட்டம் குறைந்த மூன்று மணிக்கு நான் மாட்டினேன்.

"சார், பந்து போடறதுக்கு விசா குடுப்பானா?"

பாய் கீழக்கரைக்காரர். சவூதியின் தம்மாமில், இக்காமா என்கிற வசிப்பு அனுமதியில், பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவர் ஊர்ப் பக்கத்தில் பிழைக்கக் கடல் தாண்டுவதைச் 'சபுர்' என்பார்கள், போகிறவர் சபுராளி. அன்றைக்கு அவர் கேட்ட கேள்வி எல்லாமே ஒரு சபுராளியின் கேள்வி. இருபது வருடமாகக் கூடைப்பந்து பார்க்கிற நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேசினால், எத்தனை புள்ளி போட்டான், எவ்வளவு உயரம் தாண்டினான் என்றுதான் கேட்பார்கள். பாய் கேட்டதெல்லாம் ஏஜென்ட், காண்ட்ராக்ட், பாஸ்போர்ட், சம்பளப் பாக்கி. இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள இதுதான் சரியான வாசல்.

முதலில் கணக்கு. அமெரிக்காவின் என்.பி.ஏ.யில் 30 அணிகள். ஓர் அணிக்கு நிரந்தர இடம் 15, ஆக 450. இதோடு, பாதி நாள் மேலேயும் பாதி நாள் சின்ன லீகிலும் ஆட அணிக்கு 3 பேர். எப்படிக் கூட்டினாலும் 540-ஐத் தாண்டாது. அந்த ஊரில் முதல் தரக் கல்லூரி அணிகள் மட்டும் 350-க்கு மேல். வருடா வருடம் டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். உலகம் முழுக்க இருந்து அதில் பெயர் வாசிக்கப்படுகிறவர்கள் அதிகபட்சம் 60 பேர். வாசிக்கப்பட்டவர்களுக்கே இடம் நிச்சயமில்லை.

"மீதிப் பேரு?"

மீதிப் பேர்தான் நம் கதை. உள்ளூரிலேயே ஜி லீக் என்ற சின்ன லீக் இருக்கிறது. 2018-19 சீசனில் அங்கே ஐந்து மாதத்துக்குச் சம்பளம் 35,000 டாலர். அதே வருடம் என்.பி.ஏ.யில் புதிதாக நுழைகிறவருக்கான குறைந்தபட்சச் சம்பளம் 8 லட்சம் டாலருக்கு மேல். ஒரே பந்து, ஒரே வளையம், நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் காத்துக்கொண்டு நிற்க மனமில்லாதவர்கள் விமானம் ஏறிவிடுகிறார்கள். துருக்கி, கிரீஸ், இத்தாலி, இஸ்ரேல், ஜப்பான், தென் கொரியா, பிலிப்பைன்ஸ், லெபனான் என்று உலகத்தில் லீக் நடக்காத மூலையே இல்லை. அங்கே அவர்களுக்குப் பெயர் 'இம்போர்ட்'. சரக்குக் கப்பலில் வரும் பொருளுக்கு வைக்கிற பெயர். யாரும் அதை வசையாகச் சொல்வதில்லை, யாரும் கோபித்துக்கொள்வதுமில்லை.

நம் ஊரில் நன்றாக ஆடுகிற பையனுக்கு விளையாட்டுக் கோட்டாவில் ஐ.ஓ.பி.யிலோ ரயில்வேயிலோ வேலை கிடைத்தால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். முழங்கால் போன பிறகும் சம்பளம் வரும், பென்ஷன் பேச்சு இருக்கும். இம்போர்ட்டுக்கு அந்தப் பாயசம் கிடையாது. செப்டம்பரில் போய் மே மாதம் திரும்பும் ஒரு சீசன்தான் அவனுடைய முழு வேலை. அடுத்த வருடம் வேறு ஊர், பெரும்பாலும் வேறு நாடு.

"ஏஜென்ட் எவ்வளவு புடுங்குவான்?"

இந்த இடத்தில் பாய் கரண்டியை வைத்துவிட்டு நேராகப் பார்த்தார். அவர் தம்மாம் போக நிலம் விற்றுக் கட்டியவர். அதனால் பதிலைக் கேட்டு அவருக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல். என்.பி.ஏ.யில் ஏஜென்ட் ஆட்டக்காரனிடமிருந்து 4 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஐரோப்பாவில் வழக்கம் 10 சதவீதம்; ஆனால் பொதுவாக அதைக் கொடுப்பது கிளப். சம்பளமும் வரி போக 'கையில் இவ்வளவு' என்றே பேசப்படும். வீடு கிளப் தரும், பெரும்பாலும் காரும் தரும், போக வர டிக்கெட் தரும். கேட்க ராஜபோகம். ஆனால் காண்ட்ராக்டின் முதல் பக்கங்களிலேயே ஒரு வரி இருக்கும்: மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் இது செல்லும். விமான நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரி. முழங்காலைப் படம் பிடித்து, இதயத்தைப் படம் பிடித்து, டாக்டர் உதட்டைப் பிதுக்கினால் அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டியதுதான்.

"நமக்கும் மெடிக்கல் உண்டு சார். ஒரு பையனுக்கு நெஞ்சுல பழைய தழும்பு தெரிஞ்சு திருப்பி அனுப்பிட்டாங்க."

அதேதான். பெரிய வீரர்களுக்கு ஜூன், ஜூலையிலேயே எல்லாம் முடிந்துவிடும். நடுத்தரக்காரனுக்கு ஆகஸ்டு மாதம் என்பது போன் பார்க்கிற மாதம். வீட்டு உடற்பயிற்சிக் கூடத்தில் தனியாகப் பந்து தட்டிக்கொண்டு, மெசேஜ் வந்ததா என்று பார்த்துக்கொண்டு. சிலருக்கு அக்டோபரில்தான் அழைப்பு வரும். எங்கோ ஒருவன் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டிருப்பான், அவனுக்குப் பதிலாக ஆறு வாரம், எட்டு வாரம். இன்னொருவனுடைய காயத்தை எதிர்பார்த்து இருக்க வேண்டிய பிழைப்பு. வெளியே சொல்ல மாட்டார்கள்.

பால் ஷெர்லி என்று கான்சஸ் மாநிலத்துக்காரர் ஒருவர், நாலு வருடத்தில் 11 அணி, 5 நாடு என்று அலைந்தார். கிரீஸ், ஸ்பெயின், ரஷ்யா எல்லாம் பார்த்துவிட்டு 2007-ல் புத்தகமாக எழுதினார். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'என் ஜெர்சியை நானே வைத்துக்கொள்ளலாமா?' வேலையை விட்டு அனுப்பும்போது கேட்க வேறு என்ன இருக்கிறது?

இனி, விசாவை விட முக்கியமான விஷயம். எந்த நாடும் தன் லீகை அமெரிக்கர்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிடாது. கொடுத்தால் உள்ளூர்ப் பையன்கள் பெஞ்சிலேயே வயதாகிவிடுவார்கள். அதனால் கோட்டா. ஜெர்மனியின் முதல் லீகில் 12 பேர் பட்டியலில் 6 பேர் ஜெர்மானியராக இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் வருடத்தின் முக்கியக் கோப்பை ஒன்றில் வெளிநாட்டார் காலே வைக்க முடியாது. மற்றவற்றில் அணிக்கு ஒரே ஒரு இம்போர்ட். அதில் ஒரு கோப்பைக்கு உயர வரம்பும் உண்டு, ஆறரை அடியை ஒட்டி.

உயர வரம்பு என்றதும் பாய் சிரித்தார். கூடைப்பந்தில் உயரம் கூடாதா? தென் கொரியாவில் நடந்ததைச் சொன்னேன். 2018-ல் அந்த லீக், வெளிநாட்டு வீரர் 200 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டது. வீரர்களை அழைத்து நிறுத்தி அளந்தார்கள். டேவிட் சைமன் என்பவர் முந்தைய சீசனில் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். ஆன்யாங் நகரின் ஜின்செங் கம்பெனி அணிக்கு ஆடியவர். அளவுகோல் 202.1 என்று காட்டியது. வேலை போயிற்று. இன்னொரு வெளிநாட்டு வீரர் சார்ல்ஸ் ரோட்ஸ் 199.2. தப்பித்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு சென்டிமீட்டர் என்பது நம் கட்டைவிரல் அகலம்தான். நம் ஊர்ப் போலீஸ் தேர்வில் உயரம் பத்தாமல் அழுதுகொண்டு திரும்பிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். உயரம் கூடிப்போனதற்காக வேலை இழந்தவரை அப்போதுதான் கேள்விப்பட்டேன். உலகமே சிரித்தபின் அடுத்த வருடம் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அதற்குள் ஒருவருடைய வருடம் போய்விட்டது.

கோட்டா இருக்கிற இடத்தில் பாஸ்போர்ட்டுக்கு விலை ஏறும். 1995-ல் போஸ்மன் என்ற பெல்ஜியக் கால்பந்து வீரர் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் ஒன்றியத்துக்குள் எந்த நாட்டிலும் வெளிநாட்டானாக எண்ணப்படக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. கால்பந்துத் தீர்ப்புதான், ஆனால் கூடைப்பந்து முகவர்களும் உடனே பாட்டிமார்களைத் தேட ஆரம்பித்தார்கள். அமெரிக்க வீரனுக்கு அயர்லாந்திலோ இத்தாலியிலோ ஒரு பாட்டி இருந்து, அந்த வழியில் குடியுரிமை கிடைத்தால், அவன் இம்போர்ட் கணக்கில் வர மாட்டான். அணிக்கு ஓர் இடம் மிச்சம். அவனுக்குச் சம்பளம் கூடும். ஸ்பெயினில் இன்னொரு சந்து இருந்தது. கொட்டனூ ஒப்பந்தம் என்று ஆப்பிரிக்க, கரீபிய நாடுகளோடு ஐரோப்பா போட்டுக்கொண்ட உடன்படிக்கையின் பேரில், அந்த நாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களையும் கோட்டாவுக்கு வெளியே வைத்தார்கள். ஒரு தடவைகூடப் போகாத நாட்டின் குடிமகனாக ஆடியவர்கள் உண்டு.

இந்தப் பாஸ்போர்ட் கதைகளில் எனக்குப் பிடித்தது ஜே.ஆர். ஹோல்டன் கதை. பிட்ஸ்பர்க் பக்கத்துக்காரர். உயரம் ஆறடி ஓரங்குலம். கூடைப்பந்துக்கு அது குள்ளம். பக்னெல் என்ற படிப்புக்குப் பெயர் போன கல்லூரி. 1998-ல் டிராஃப்டில் அவர் பெயர் வரவில்லை. லாத்வியாவின் ரீகாவுக்குப் போனார், பிறகு பெல்ஜியம், பிறகு ஏதென்ஸ், 2002-ல் மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. அங்கே ஆட்டம் பிடித்துப்போய், அடுத்த வருடமே புட்டின் உத்தரவில் ரஷ்யக் குடியுரிமை கொடுத்தார்கள். சர்வதேச விதிப்படி ஒரு தேசிய அணியில் இப்படிக் குடியேறியவர் ஒருவர் இருக்கலாம். 2007 செப்டம்பரில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம், மாட்ரிட் நகரில், உலகச் சாம்பியன் ஸ்பெயினின் சொந்த மைதானத்தில். ஒரு புள்ளி பின்தங்கிய ரஷ்யாவுக்குக் கடைசி இரண்டு சொச்சம் வினாடி இருக்கும்போது ஹோல்டன் எறிந்த பந்து வளையத்தில் தட்டித் தடுமாறி உள்ளே விழுந்தது. ரஷ்யா 60, ஸ்பெயின் 59. பிட்ஸ்பர்க்காரர் ரஷ்யாவை ஐரோப்பியச் சாம்பியன் ஆக்கிவிட்டார்.

"சரி, அங்க போனா ஆட்டம் ஒரே மாதிரிதானா?"

இல்லை. என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம், மற்ற உலகத்தில் பெரும்பாலும் 40. மூன்று புள்ளிக் கோடு அங்கே 7.24 மீட்டர், இங்கே 6.75. வளையத்தில் தொட்டுத் துள்ளும் பந்தை அமெரிக்காவில் தொடக் கூடாது, இங்கே தட்டிவிடலாம். எல்லாவற்றையும் விடப் படுத்தியது 'டிராவலிங்', பந்தைத் தட்டாமல் அடியெடுத்து வைக்கிற தப்பு. அமெரிக்கப் பையன் பந்தைப் பிடித்த வேகத்தில் வைக்கிற முதல் அடியைச் சிறுவயதிலிருந்தே யாரும் தப்பு என்று சொன்னதில்லை. ஐரோப்பாவில் விசில் ஊதிவிடுவார்கள். வந்திறங்கிய மாதம் முழுக்க அவன் நடுவரைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு நிற்பான். 2017-ல்தான் உலகச் சம்மேளனம் அந்த அடியைக் கணக்கில் சேர்க்காமல் விதியைத் தளர்த்தியது.

ஆனால் விதியைப் படித்துக்கொள்ளலாம். பழக முடியாதது பாரம். அமெரிக்கக் கல்லூரி அணியில் அவன் பன்னிரண்டில் ஒருவன். இங்கே கிளப்பின் பட்ஜெட்டில் பெரிய துண்டு அவன் சம்பளம் என்பது டிக்கெட் கிழிப்பவருக்கும் தெரியும். ஜெயித்தால் அணி ஜெயித்தது. தோற்றால் இம்போர்ட் சரியில்லை. முப்பது புள்ளி போட்டுத் தோற்றால், பந்தைப் பங்கிடாமல் தானே எறிகிறான் என்பார்கள். பத்துப் புள்ளி போட்டுத் தோற்றால், இதற்கா இவ்வளவு சம்பளம் என்பார்கள். ஐரோப்பிய லீகுகளில் கடைசி இடத்து அணி கீழ் லீகுக்கு இறங்கிவிடும் என்பதால், ஜனவரி வாக்கில் அடிமட்ட அணிகளுக்குக் காய்ச்சல் வரும். உள்ளூர் வீரரை மாற்ற முடியாது. அவனுக்குக் கோட்டா காவல். பயிற்சியாளரையும் இம்போர்ட்டையும்தான் மாற்றலாம். ஒரு நாள் காலை மேனேஜர் வீட்டுக்கு வந்தால், காபி குடிக்க வரவில்லை என்று எல்லா இம்போர்ட்டுக்கும் தெரியும்.

பாய் கேட்கக் காத்திருந்த கேள்வி அடுத்து வந்தது. "சம்பளம் குடுக்கலைன்னா?"

கொடுக்காமல் இழுத்தடிப்பது இந்தத் தொழிலின் பழைய நோய். பிப்ரவரி சம்பளம் ஏப்ரலில், ஏப்ரல் சம்பளம் 'அடுத்த ஸ்பான்சர் வந்ததும்'. கேட்டால் உள்ளூர் நீதிமன்றம், உள்ளூர் மொழி, உள்ளூர் வக்கீல். அதற்குள் சீசன் முடிந்து டிக்கெட் கையில் திணிக்கப்படும். இதற்கு ஒரு வழி 2007-ல்தான் பிறந்தது. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபா, ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது; பேட் என்று அழைப்பார்கள். காண்ட்ராக்டில் 'தகராறு வந்தால் பேட்' என்று ஒரு பத்தி இருந்தால் போதும். வழக்கு ஆங்கிலத்தில், பெரும்பாலும் காகிதத்திலேயே, ஒரே ஒரு நடுவர் முன்னால் நடக்கும். எந்த நாட்டுச் சட்டம் என்று அவர் புத்தகம் புரட்ட வேண்டியதில்லை. எது நியாயமோ அதைச் சொல்லலாம். ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி, ஆனால் சொம்பு இல்லாமல். தீர்ப்பை மதிக்காத கிளப்புக்குப் புது வீரரைப் பதிவு செய்யத் தடை விழும். கிளப்புக்கு அது கழுத்தைப் பிடிக்கிற மாதிரி.

பாய் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கடைசி ஏழு மாதச் சம்பளம் தம்மாமில் ஒரு கட்டுமானக் காண்ட்ராக்டரிடம் அப்படியே இருக்கிறது.

"பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்குவானா?"

அது இல்லை. ஆனால் அதன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் உண்டு. ஒரு நாட்டு லீகிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக 'லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ்' வேண்டும். பழைய நாட்டுச் சம்மேளனம் 'இவர் எங்களிடம் கட்டுப்பட்டிருக்கவில்லை' என்று தருகிற காகிதம். "ரிலீஸ் லெட்டரு!" என்றார் பாய். ஆமாம், வளைகுடாவில் கபீல் என்கிற முதலாளி தருகிற காகிதம் மாதிரிதான். 2011-ல் என்.பி.ஏ.யில் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் தகராறு வந்து கதவடைப்பு நடந்தபோது, ஜே.ஆர். ஸ்மித், கென்யன் மார்ட்டின் போன்ற பெரிய வீரர்களே சீனாவுக்கு ஆடப் போனார்கள். சீன லீக் ஒரு நிபந்தனை போட்டது: நடுவில் ஓடக் கூடாது. டிசம்பரில் அமெரிக்காவில் கதவு திறந்துவிட்டது. காகிதம் கிடைக்க வழியில்லாமல் ஸ்மித் சீனாவில் சீசன் முடியும்வரை ஆடிக்கொண்டிருந்தார்.

இதுவரை சொன்னது ஆண்கள் கதை. பெண்கள் கதை தலைகீழ். ஆண்களில் அமெரிக்காவில் இடம் கிடைக்காதவர் வெளியே போகிறார். பெண்களில் அமெரிக்காவின் உச்சத்தில் இருந்தவர்களே பணத்துக்காக வெளியே போனார்கள். 2022-ல் பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ.யில் சம்பள உச்சவரம்பு சுமார் 2,28,000 டாலர். ரஷ்யாவின் யெக்கத்தரின்பர்க் நகர அணி, யூரல் மலைச் சுரங்க, உலோகக் கம்பெனியின் அணி, அதைப் போலப் பல மடங்கு கொடுத்தது. டயானா டோராசி என்ற மாபெரும் வீராங்கனைக்கு 2015-ல், 'அமெரிக்க லீகில் ஆடாமல் ஓய்வெடு' என்றே அந்த அணி பணம் கொடுத்தது. அவரும் எடுத்தார். குளிர்காலத்தில் ரஷ்யா, கோடையில் அமெரிக்கா என்று வருடம் முழுக்க ஓடிய உடம்பு அது. அதே அணிக்குத் திரும்பப் போகும்போதுதான் 2022 பிப்ரவரியில் பிரிட்னி கிரைனர் என்ற அமெரிக்க வீராங்கனை மாஸ்கோ விமான நிலையத்தில் பிடிபட்டார். பையில் கஞ்சா எண்ணெய்க் குப்பிகள். ஒன்பது ஆண்டுத் தண்டனை. ஆயுத வியாபாரி விக்டர் பூத்தை மாற்றிக் கொடுத்து டிசம்பரில் மீட்டார்கள். அமெரிக்காவில் அவ்வளவு பெரிய ஆட்டக்காரி குளிர்காலத்தில் ஏன் ரஷ்யாவுக்குப் போக வேண்டும் என்று பலர் அப்போதுதான் கேட்டார்கள். பதில் சம்பளச் சீட்டில் இருந்தது.

திரும்பி வந்தவர்களும் உண்டு. பி.ஜே. டக்கர் 2006-ல் 35-ஆவது ஆளாகத் தேர்வாகி, 17 ஆட்டம் ஆடியதும் டொராண்டோ அணி கைவிட்ட ஆள். இஸ்ரேலில் ஹோலோன் என்ற ஊருக்குப் போனார். அங்கே மக்காபி டெல் அவீவ் அணி வைத்ததுதான் வருடா வருடம் சட்டம். 2008-ல் ஹோலோன் அதை வென்று சாம்பியன் ஆயிற்று, டக்கர் லீகின் சிறந்த வீரர். பிறகு உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி. ஐந்து வருடம், ஐந்து நாடு. 27 வயதில் பீனிக்ஸ் அணி கூப்பிட்டது. 2021-ல் மில்வாக்கி கோப்பை வென்றபோது அணியில் இருந்தார். புள்ளி போட்டுப் பிழைத்த கதையில்லை இது. கல்லூரியில் நட்சத்திரமாக இருந்தவர், வெளிநாட்டில்தான் எதிராளியின் பெரிய ஆளைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்று காத்திருக்கிற வேலையைப் பழகினார். அதற்குத்தான் அமெரிக்காவில் ஆள் தேவைப்பட்டது.

டக்கர் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர் முகம் மலரும். எனக்குக் கொஞ்சம் உறுத்தும். திரும்பி வந்தால்தான் வாழ்க்கை, இல்லாவிட்டால் வீண் என்று ஆகிவிடுகிறது. ஆல்ஃபோன்சோ ஃபோர்டு திரும்பி வரவில்லை. மிசிசிப்பி மாநிலத்துக்காரர், கல்லூரியில் மூவாயிரம் புள்ளிகளுக்கு மேல் எடுத்தவர். என்.பி.ஏ.யில் விரல் விட்டு எண்ணும் ஆட்டங்கள். மீதி பெரும்பாலும் ஸ்பெயின், கிரீஸ், இத்தாலி. ஐரோப்பாவின் பெரிய தடுப்பாட்டக்காரர்கள் எல்லோரும் அவரை நிறுத்த முடியாமல் தவித்தார்கள். 1997-லேயே அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்திருக்கிறது. சொல்லவில்லை. அடுத்த ஏழு வருடம் ஆடினார். யூரோலீகில் அதிகப் புள்ளி எடுத்தவராக இருமுறை வந்தார். 2004 செப்டம்பரில், 32 வயதில் இறந்தார். இன்றைக்கும் யூரோலீகில் அதிகப் புள்ளி எடுப்பவருக்குத் தரும் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது.

"ஏன் சொல்லல?" என்று பாய் கேட்டுவிட்டு, தானே, "சொன்னா மெடிக்கல்ல போயிரும்" என்றார். அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பாய் சொன்ன காரணத்தை மறுக்கவும் தோன்றவில்லை.

குடும்பம்? பத்து வயதுப் பிள்ளை இருந்தால் எந்தப் பள்ளிக்கூடம், எந்த மொழி? ஜோ பிரையன்ட் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1984-ல் மனைவி மக்களோடு இத்தாலி போனார். ரியெத்தி, ரெஜ்ஜோ கலாப்ரியா, பிஸ்தோயா, ரெஜ்ஜோ எமிலியா என்று ஏழு வருடத்தில் நாலு ஊர். போகும்போது கடைசிப் பிள்ளைக்கு ஆறு வயது. இத்தாலியப் பள்ளியில் படித்தான், இடைவேளையில் அப்பாவின் ஆடுகளத்துக்குள் இறங்கிப் பந்து எறிந்தான். அவன்தான் பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான கோபி பிரையன்ட். கடைசிவரை சரளமாக இத்தாலியன் பேசினார். இன்னொரு என்.பி.ஏ. நட்சத்திரம் டோனி பார்க்கர் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் பிறந்தது, சிகாகோக்கார அப்பா அங்கே ஆடிக்கொண்டிருந்ததால். கைரி எர்விங் பிறந்தது மெல்போர்னில், அதே காரணம். பிள்ளைகள் பெயர் உலகத்துக்கே தெரியும். அப்பாக்கள் ஆடிய ஊர்களில் மட்டும் அப்பாக்களின் பெயர் தெரியும்.

நேரம் நாலரை ஆகிவிட்டது. மைதானத்தில் பந்து தட்டும் சத்தம் ஆரம்பித்தது. மணிலாவைச் சொல்லி முடித்துவிடலாம் என்று தோன்றியது.

பிலிப்பைன்ஸ் லீக் 1975-ல் தொடங்கியது. ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். அங்கே அணிகளுக்கு ஊர்ப் பெயர் கிடையாது, கம்பெனிப் பெயர்தான். ஜின் சாராயக் கம்பெனிக்கு ஓர் அணி, மின்சாரக் கம்பெனிக்கு ஓர் அணி, பெயின்ட்டுக்கு ஒன்று, சுங்கச் சாலைக்கு ஒன்று. ஜின் கம்பெனியின் அணிதான் ஹினெப்ரா. ஏழை எளியவர்களின் உயிர். 2016-ல் அதன் இம்போர்ட்டுக்கு முதல் ஆட்டத்திலேயே கட்டைவிரல் போய்விட்டது. பதிலாகக் கூப்பிடப்பட்டவர் ஜஸ்டின் பிரவுன்லீ. ஜார்ஜியா மாநிலத்துக்காரர், 2011-ல் டிராஃப்டில் பெயர் வராதவர், அமெரிக்கச் சின்ன லீகில் ஆடிக்கொண்டிருந்தவர். நான் முன்பு சொன்ன அந்த 'யாருக்கோ அடிபட்டால் வரும் அழைப்பு'. எட்டு வருடமாகக் கோப்பை இல்லாத ஹினெப்ரா, அந்த வருட இறுதியில் மின்சாரக் கம்பெனியோடு மோதியது. ஆறாவது ஆட்டம், ஸ்கோர் சமம், மணி ஒலிக்கும்போது பிரவுன்லீ கையிலிருந்து கிளம்பிய மூன்று புள்ளி எறி உள்ளே போயிற்று. பதிலாள் அடுத்த வருடமும் வந்தார். அதற்கடுத்த வருடமும்.

2023 ஜனவரியில், பிலிப்பைன்ஸ் நாடு அவர் ஒருவருக்காகவே ஒரு சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது. அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், அரையிறுதியில் சீனாவின் சொந்த மண்ணில், கடைசி நிமிடத்தில் மூன்று புள்ளி எறிகள் இரண்டைப் போட்டு 77-76 என்று ஜெயிக்க வைத்தார். இறுதியில் ஜோர்டான். ஜோர்டான் அணியின் நட்சத்திரமும் ஓர் அமெரிக்க இம்போர்ட்தான், ரான்டே ஹாலிஸ்-ஜெஃபர்சன்; ஆறு மாதம் முன்பு மணிலாவில் டெலிபோன் கம்பெனி அணிக்கு ஆடி பிரவுன்லீயைத் தோற்கடித்தவர். அன்றைக்கு இருவரும் இரண்டு நாட்டுக் கொடிகளின் கீழ் நின்றார்கள். பிலிப்பைன்ஸ் 70-60. ஆசிய விளையாட்டுக் கூடைப்பந்தில் 1962-க்குப் பிறகு அந்நாட்டுக்கு முதல் தங்கம்.

பாய் கிளாஸ்களை வெந்நீரில் அலசிக்கொண்டே கேட்டிருந்தார்.

"பதிலுக்கு வந்தவனுக்கா சார் குடியுரிமை?"

"ஆமா பாய். ஏழு வருஷத்துல."

"சட்டமே போட்டு?"

"சட்டமே போட்டு."

"நான் பத்தொம்போது வருஷம் இக்காமா புதுப்பிச்சேன்" என்றார். சாய்ப்புக்குக் குனிந்து அந்தப் பையன் உள்ளே வந்துகொண்டிருந்தான், கையில் பந்தோடு. பாய் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நமக்கு உயரம் பத்தல" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவனுக்கு டீ ஆற்றத் தொடங்கினார்.